சீட்டும் பதிவுச் சான்றிதழும்: ஒரு வரலாற்றுப் பார்வை

தருமபுரி மாவட்டத்தில் சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த பேரூராட்சி பாப்பிரெட்டிப்பட்டி. வாணியாறு அணையின் பாசனம் பெறும் இப்பகுதியில் மஞ்சள், மரவள்ளி, கரும்பு ஆகியவை விளைகின்றன. இப்பயிர்களின் பணம் அறுவடைக்குப் பிறகே மொத்தமாகக் கைக்கு வரும். ஆனால் திருமணச் செலவும் கல்லூரிக் கட்டணமும் அதுவரை காத்திருப்பதில்லை. இத்தகைய ஊர்களில் இந்த இடைவெளியை நெடுங்காலமாக நிரப்பிவரும் ஏற்பாடு சீட்டு. அதை நடத்துபவர் "அரசில் பதிவு பெற்றவர்" என்றால் பணம் பாதுகாப்பானது என்று பலரும் நம்புகின்றனர். அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி என்பதைச் சீட்டுச் சட்டங்களின் வரலாறு காட்டுகிறது.

ஏலச்சீட்டு இயங்கும் முறை

20 பேர் மாதம் 5,000 ரூபாய் வீதம் 20 மாதம் கட்டும் சீட்டின் தொகை 1 லட்சம் ரூபாய். ஒரு மாத ஏலத்தில் ஒருவர் 25,000 தள்ளிச் சீட்டெடுத்தால் அவருக்கு 75,000 கிடைக்கும். நடத்துபவரின் கமிஷன் 5 விழுக்காடு, அதாவது 5,000 போக, மீதி 20,000 இருபது பேருக்கும் தலா 1,000 ஆகப் பிரியும். எனவே தவணை 4,000 ஆகக் குறையும். முதலில் எடுப்பவருக்கு இது கடன். கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு. நடத்துபவர் தவறினால் இழப்பு முழுவதும் கடைசியில் எடுக்க இருப்பவர்கள்மீதே விழும்.

நிறுவனப் பதிவு

1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் கூட்டு நிறுவனங்களைப் பதிவு செய்ய வழிவகுத்தது. அப்பதிவு கட்டாயமன்று. பதிவு செய்யாத நிறுவனம் தன் ஒப்பந்த உரிமைக்காக மற்றவர்மீது வழக்குத் தொடர முடியாது என்பதே அதன் 69ஆம் பிரிவு விதிக்கும் தடை. பதிவேட்டைப் பார்த்தால் நிறுவனத்தின் கூட்டாளிகள் யார் என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் வாடிக்கையாளரின் பணத்துக்கு அப்பதிவு பிணையம் எதையும் கேட்பதில்லை. கடைச் சுவரில் தொங்கும் சான்றிதழ் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்ததே.

சீட்டுப் பதிவு

திருவிதாங்கூர் 1918இலேயே சீட்டுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. சென்னை மாநிலச் சட்டம் 1961இல் வந்தது. அப்போது பாப்பிரெட்டிப்பட்டி சேலம் மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான்.

இதற்கிடையே, குலுக்கலில் பரிசு விழுந்தவர் மேற்கொண்டு கட்ட வேண்டியதில்லை என்று ஆசை காட்டிய பரிசுச் சீட்டுகள் பரவின. ரிசர்வ் வங்கி அமைத்த ஜேம்ஸ் ராஜ் ஆய்வுக் குழு 1975இல் இவற்றைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது; 1978இல் தடைச் சட்டம் வந்தது. ஏலச்சீட்டு தடை செய்யப்படவில்லை. அதை நெறிப்படுத்த 1982இல் மத்தியச் சீட்டு நிதிச் சட்டம் இயற்றப்பட்டு, 1984இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது.

இச்சட்டத்தில் பதிவின் பொருளே மாறியது. நிறுவனம் மட்டுமன்றி, அது தொடங்கும் ஒவ்வொரு சீட்டும் முன் அனுமதி பெற்றுத் தனித்தனியே பதிவாக வேண்டும். சீட்டுத் தொகைக்கு ஈடான பணத்தை வங்கியில் வைப்பாக வைத்தோ, சட்டம் ஏற்கும் வேறு பிணையம் கொடுத்தோதான் சீட்டைத் தொடங்க முடியும். உறுப்பினர் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் ஒரு படி பதிவாளரிடம் இருக்கும். ஒவ்வொரு ஏலத்தின் நடவடிக்கைக் குறிப்பும் அவருக்குப் போக வேண்டும். தகராறுகளும் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகாமல் பதிவாளரின் நடுவர் விசாரணைக்கே செல்லும்.

பிணையத்தின் எல்லை

மேலே சொன்ன சீட்டில் பிணையம் 1 லட்சம். 11 பேர் சீட்டெடுத்த பிறகு நடத்துபவர் தலைமறைவானால், எடுக்காத 9 பேர் கட்டியிருப்பது மாதம் 4,000 என்று கொண்டாலே 3,96,000 ரூபாய். பிணையம் அதில் ஏறத்தாழ கால் பங்குதான். மீதி, ஏற்கெனவே எடுத்தவர்களின் எஞ்சிய தவணைகளை வசூலித்தே வர வேண்டும். யார் எடுத்தார், யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதற்குப் பதிவாளரிடம் உள்ள ஆவணங்களே சான்று. பதிவில்லாத சீட்டில் அச்சான்று பெரும்பாலும் நடத்துபவரின் நோட்டுப் புத்தகத்தில் மட்டுமே இருக்கும். அவர் போகும்போது அதுவும் போய்விடும். பதிவு இழப்பை முழுவதும் தடுப்பதில்லை. இழந்ததைக் கேட்பதற்கான அடிப்படையைக் காப்பாற்றுகிறது.

1997க்குப் பின்

1990களில் தமிழ்நாட்டில் பல நிதி நிறுவனங்கள் வைப்புத்தொகையைத் திருப்பித் தராமல் மூடப்பட்டன. அவற்றில் பல முறையாகப் பதிவு பெற்றவையே. இதன் விளைவாக 1997இல் தமிழ்நாடு முதலீட்டாளர்கள் நலன் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. தவறிய நிறுவனத்தின் சொத்துகளை முடக்கவும், தனி நீதிமன்றம் வழியாக விற்றுப் பணத்தைப் பங்கிடவும் இது வழிசெய்தது. உச்ச நீதிமன்றம் 2011இல் இதை உறுதிசெய்தது. பணத்துக்குப் பதிலாகப் பொருளோ சேவையோ தருவதாகச் சொல்லிக் குறிப்பிட்ட காலத்துக்குத் தவணையாக வாங்கும் தொகையும் இச்சட்டத்தின் பார்வையில் வைப்புத்தொகையே. ஏலமே இல்லாத தீபாவளிச் சீட்டுகளைப் பொறுத்தவரை இது முக்கியமான விதி.

2019இல் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் வந்தது. அதே ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத் திருத்தம், தனிநபர் நடத்தும் சீட்டுகளின் உச்சவரம்பை 1 லட்சத்திலிருந்து 3 லட்சமாகவும், கமிஷன் வரம்பை 5 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகவும் உயர்த்தியது.

ஆகவே, சீட்டில் சேருமுன் கேட்க வேண்டியது "நிறுவனம் பதிவு பெற்றதா?" என்று மட்டுமன்று. "நான் சேரும் இந்தச் சீட்டின் பதிவு எண் என்ன, ஒப்பந்தத்தின் படி எனக்குக் கிடைக்குமா?" என்றும் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தின் படியைப் பெறுவது உறுப்பினருக்குச் சட்டம் தந்த உரிமை.