முருகைத்தொட்டியும் வன்னிக் குளங்களும்

கடல்வாழ் முருகையுயிர்களைக் கண்ணாடித்தொட்டியில் வளர்க்கும் கலை அண்மைக் காலத்தது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார், வடிகருவி எதுவுமின்றிக் கடலினின்றும் எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக்குமிழிகளையுமே கொண்டு தொட்டியைப் பேணும் முறையை 1961இல் வெளியிட்டார். அதன் சூட்சுமம் பின்னரே தெளிவாயிற்று. மீன்கழிவிலிருந்து பிறக்கும் அமோனியாவைப் பாறையின் மேற்பரப்பிலுள்ள பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. ஒட்சிசன் புகாத உட்புழைகளில் வாழும் வேறு பற்றீரியாக்கள் அந்த நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றிவிடுகின்றன. பொசுபேற்றுக்கோ இவ்வழி இல்லை. அது காற்றிற் கலப்பதன்று. கையால் அகற்றப்படவேண்டும், அல்லது ஏதேனுமொன்று அதனைப் பற்றிக்கொள்ளவேண்டும். இதன்பொருட்டே பிற்காலத்தார் இரும்பு ஒட்சைட்டு மணிகளைக் கையாளலாயினர்.

வன்னிக் குளங்களை ஆராய்ந்தோர், கட்டியவர் யார், அழிந்தது எக்காலம் என்பனவற்றிலேயே பெரிதும் கருத்தைச் செலுத்தினர். 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிசின் வன்னி மாவட்டக் கைந்நூலும் ஹென்றி பாக்கரின் ஆய்வுகளும் மதிப்பிற்குரியன. எனினும் குளத்துநீர் எதனைச் சுமந்துநின்றது என்ற வினா வரலாற்றாசிரியர் நோக்கிற்கு அரிதாகவே வந்துள்ளது. முருகைத்தொட்டியை வளர்ப்போன் நாள்தோறும் கேட்கும் வினா அதுவே.

பழைய குளத்து வேளாண்மையில் அதற்கு விடை இருந்தது. காட்டிலிருந்து வெள்ளத்தோடு வந்த இலைச்சத்தும் மண்ணும் குளத்தின் அடியிற் படிந்தன. கோடையில் நீர் வற்றிய நிலத்தில் மாடுகள் மேய்ந்தன. அறுவடை முடிந்த வயலிற் பட்டி அடைக்கப்பட்டது. வண்டலை அள்ளி வயலிலிடுவது பொசுபேற்றைக் கையால் அகற்றுவதேயன்றி வேறன்று. நீர் நின்ற வயற்சேறு நைத்திரேற்றை வாயுவாக்கியது. செம்மண்ணிலுள்ள இரும்பு பொசுபேற்றைப் பற்றிக்கொண்டது. தொட்டிக்காரர் விலைகொடுத்து வாங்கும் பொருள் வன்னியின் மண்ணிலேயே கிடந்தது எனலாம். ஆனால் அடிச்சேறு நெடுநாள் ஒட்சிசனின்றிக் கிடப்பின் இரும்பு தன் பிடியை விட்டுவிடும். பொசுபேற்று மீண்டும் நீருக்கே வரும். ஆகவே குளத்தைத் தூர்வாருதல் கொள்ளளவை மட்டும் பற்றிய விடயமன்று. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டமை மக்களைக் கட்டாய உழைப்பினின்று விடுவித்தது. ஆயின் குளங்களைப் பேணிவந்த கூட்டுழைப்பின் பழைய கட்டமைப்பும் அத்துடன் தளர்ந்தது.

1902இல் தொடங்கிய இரணைமடு வேலை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. அதன் பின்னர் கிளிநொச்சியிற் குடியேற்றம் பெருகிற்று. 1962இல் உரமானியம் வந்தது; புதிய நெல்லினங்கள் யூரியாவை வேண்டிநின்றன. விளைச்சல் உயர்ந்தமை மறுக்கவொண்ணாதது. அதுகாறும் நிலத்துக்குள்ளேயே சுழன்றுவந்த சத்துக்குப் பதிலாக, வெளியிலிருந்து மூடைமூடையாக வந்த சத்து நீரிற் சேரத் தொடங்கிற்று.

இம்மாற்றத்தின் ஆழம் உரம் நின்ற காலங்களிலேயே வெளிப்பட்டது. 1990களில், பொருளாதாரத் தடையின்கீழ், யூரியா வன்னிக்குச் செல்லாது தடுக்கப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி நாடெங்கும் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை கைவிடப்பட்டது. முன்னையது போரின் செயல். பின்னையது இயற்கை வேளாண்மையின் பெயராற் செய்யப்பட்டது. இரண்டிலும் உழவன் பட்ட இடர் ஒன்றே. முருகைத்தொட்டியிலும் சத்தை ஒரே நாளிற் பூச்சியமாக்கினால் முருகை வெளிறி மடியும்; மிகையைப் போலவே வறுமையும் அதற்கு நஞ்சு. படிப்படியாகக் குறைப்பதே அனுபவமுள்ளோர் முறை. அந்தச் சிறு அறிவு 2021இல் அரசுக்கு இல்லாதுபோயிற்று.

மறுபுறம் கிணறுகள் உள்ளன. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் கிணற்றுநீரின் நைத்திரேற்றை ஆராய்ந்த கட்டுரையொன்று 1988இல் வெளிவந்தது. சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய மண்போர்வையுடைய யாழ்ப்பாணத்துத் தோட்டநிலங்களில் இது பேரிடராயிற்று. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதனை மீறிய நீர், புட்டிப்பால் உண்ணும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கவல்லது. வன்னியின் நெல்வயற்சேறு நைத்திரேற்றை ஓரளவு வாயுவாக்கித் தீர்க்கும். நீர் தேங்காத மேட்டுநிலத்தில் மிளகாயும் வெங்காயமும் செய்யும் தோட்டத்துக்கு அக்காவல் இல்லை. அங்கு இட்ட யூரியாவின் மிகை மழையோடு கீழிறங்கிக் கிணற்றையே அடைகின்றது. வயல் பிடித்துவைக்க இயலாத எச்சமோ கனகராயன் ஆற்று வழியே சுண்டிக்குளத்துக் கடனீரேரியில், மீனும் இறாலும் வளரும் நீரிற் சென்று சேர்கின்றது.