அஷ்ரஃபிக் காசின் பெயர் கொண்ட பூ

மழை ஓய்ந்து செப்டம்பர் முடியும் வேளையில், தில்லி, லக்னோ வீட்டுத் தோட்டங்களின் நாற்றுப் பாத்திகளில் காலெண்டுலா விதை தூவப்படுகிறது. பிறைபோல் வளைந்து, முதுகு சொரசொரத்த அவ்விதையைக் கண்டால் பூவிதை என்றே தோன்றாது. இந்தி, உருது வழக்கில் இப்பூவுக்கு 'குல்-ஏ-அஷ்ரஃபி' என்று பெயர். எகிப்தின் மம்லூக் சுல்தான் அல்-அஷ்ரஃப் பர்ஸ்பாய் 1425இல் வெளியிட்ட பொற்காசு, அவர் பெயராலேயே அஷ்ரஃபி எனப்பட்டது. பின்னாளில் முகலாய இந்தியாவிலும் பொற்காசை அச்சொல்லால் அழைத்தனர். வட்டமும் பொன்னிறமும் ஒத்ததால் காசின் பெயர் பூவுக்கும் வந்தது.

தொல்லை தருவது ஆங்கிலப் பெயர்தான். 'மேரிகோல்டு' என்னும் சொல் முதலில் மத்தியதரைக் கடற்பகுதியின் காலெண்டுலாவையே குறித்தது. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவிலிருந்து ஐரோப்பா சேர்ந்த வேறொரு மஞ்சள் பூவுக்கும் அப்பெயரே ஒட்டிக்கொண்டது. அதுவே நாம் செண்டுமல்லி என்பதும், வடக்கில் கேந்தா என்பதும். அதன் தாயகம் அறியாதோர் அதை 'ஆப்பிரிக்க மேரிகோல்டு' என்றும் அழைத்தனர்! லின்னேயஸ் 1753இல் இரண்டையும் தனித்தனிப் பேரினங்களில் வைத்தார். பேச்சு வழக்கு அதைப் பொருட்படுத்தவில்லை.

இது வெறும் பெயர்ச் சண்டையன்று. பழைய வடமொழி நூலொன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'மேரிகோல்டு' எதிர்ப்பட்டால், அக்காலத்திலேயே கேந்தா மாலை இருந்ததாகக் கொள்வது எளிது. கொலம்பஸ் கடல் கடந்த 1492க்கு முன் அப்பூ இந்திய மண்ணை அடைந்திருக்க வழியில்லை. இன்று கேந்தா இன்றித் தீபாவளித் தோரணமே இல்லை என்பது வேறு செய்தி. மருந்திலும் இதே குழப்பம். வங்காளத்தில் சிராய்ப்புக்குப் பூசும் கேந்தா இலைச்சாறு ஒன்று; ஹோமியோபதிக் கடையின் காலெண்டுலா முற்றிலும் வேறொன்று. ஒன்றின் குணத்தை மற்றொன்றின் மேல் ஏற்றிச் சொல்லலாகாது.

ஐயம் எழுந்தால் இலையைப் பார்த்தாலே போதும். கேந்தாவின் இலை சிறகுபோல் பிளவுபட்டிருக்கும். காலெண்டுலாவின் இலை பிளவின்றி நீண்டு, தொட்டால் சற்றே பிசுபிசுக்கும். கேந்தாவின் விதையோ வளைவற்றுக் கருத்த ஊசிபோல் இருக்கும்.

இங்கிலாந்தில் இளவேனிலில் விதைத்துக் கோடையில் காணும் பூ, நம் சமவெளியில் குளிர்காலப் பூவாயிற்று. பருவம் இவ்வாறு தலைகீழானதால் ஆங்கிலேயர் கொண்டுவந்த தோட்ட நூல்கள் இங்கே உதவவில்லை. 1860களில் ஃபர்மிங்கர் என்னும் பாதிரியார் வங்காளத்துக்கும் வட இந்தியாவுக்கும் என்றே தனி நூல் எழுத வேண்டியிருந்தது.

நான்கைந்து இலை விட்ட நாற்றை ஓரடி இடைவெளியில், நீர் தேங்காத வெயில் பாத்தியில் நடுவர். எருவை அள்ளிக் கொட்டினால் இலைதான் கொழுக்கும். முதல் மொட்டைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகும். வாடிய பூவை உடனுக்குடன் அகற்றினால் டிசம்பர் முதல் மார்ச் வரை பூக்கும். பனிக்கால ஈரத்தில் இலைமேல் வெண்மாவுபோல் சாம்பல் நோய் படியும். செடிகளை நெருக்கி நடாமல், மாலையில் இலை நனைய நீரூற்றாமல் இருந்தால் பெரும்பாலும் தப்பலாம். ஏப்ரல் வெயிலில் செடி காய்ந்துவிடும். அதற்குமுன் சில பூக்களைக் கிள்ளாமல் விட்டு, பழுப்பேறிய பிறைவிதைகள் உதிருமுன் சேர்த்துவைப்பர்.