டாய்லெட்டில் போன், தொப்பிக்குள் புளூடூத்... செஸ் போட்டிகளில் ஏமாற்றுபவர்கள் எப்படி மாட்டுகிறார்கள்?

செஸ் போட்டிகளில் ஏமாற்றி மாட்டியவர்களின் கதைகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே இடம் வரும். டாய்லெட்!

2015 ஏப்ரல், துபாய் ஓப்பன். ஜார்ஜியா நாட்டின் சாம்பியன், கிராண்ட் மாஸ்டர் காயோஸ் நிகாலிட்ஸே, அர்மேனியாவின் டிக்ரான் எல். பெட்ரோசியனுடன் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் சிக்கலாகும் ஒவ்வொரு முறையும் நிகாலிட்ஸே எழுந்து டாய்லெட்டுக்குப் போனார். சரி, வயிறு சரியில்லாமல் இருக்கலாம். ஆனால், பக்கத்தில் வேறு அறைகள் காலியாக இருந்தும் ஒவ்வொரு தடவையும் ஒரே அறைக்குள்தான் போனார். பெட்ரோசியன் நடுவரிடம் சொல்ல, உள்ளே போய்த் தேடினார்கள். டாய்லெட் பேப்பர் சுற்றி ஒளித்துவைக்கப்பட்ட ஒரு ஸ்மார்ட்போன் கிடைத்தது. 'என்னுடையது இல்லை' என்றார் நிகாலிட்ஸே. போனைத் திறந்தால், அவருடைய சோஷியல் மீடியா கணக்கு லாகின் ஆகியிருந்தது. அப்போது நடந்துகொண்டிருந்த அதே ஆட்டம், செஸ் ஆப்பில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று ஆண்டு தடை, கிராண்ட் மாஸ்டர் பட்டமும் போச்சு.

இதில் ஒரு கொடுமை என்னன்னா, 2020-ல் நடந்த ஓர் ஆன்லைன் லீக்கில் விதிகளை மீறினார் என்று சொல்லி, இதே பெட்ரோசியனை செஸ்.காம் தளம் வாழ்நாளுக்கும் தடை செய்தது.

உங்கள் கையில் இருக்கும் போன்தான் வில்லன்

எதற்காக இவ்வளவு பெரிய வீரர்கள் ஒரு போனைத் தேடிப் போகிறார்கள்? கணக்கு ரொம்ப சிம்பிள். மனித வரலாற்றிலேயே மிக உயர்ந்த ரேட்டிங் மேக்னஸ் கார்ல்சன் 2014-ல் தொட்ட 2882. ஸ்டாக்ஃபிஷ் மாதிரியான செஸ் இன்ஜின்களின் பலம் 3500-க்கும் மேல் என்று மதிப்பிடப்படுகிறது. அந்த ஸ்டாக்ஃபிஷ் இலவசம். நீங்கள் ரீல்ஸ் பார்க்கும் இதே போனில் ஓடும். 1997-ல் நியூயார்க்கில் காஸ்பரோவைத் தோற்கடிக்க ஐ.பி.எம் நிறுவனத்துக்கு டீப் புளூ என்ற சூப்பர் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. இன்றைக்கு அதைவிட பலமான ஒன்று எல்லோர் பாக்கெட்டிலும் இருக்கிறது.

ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பே முயற்சி செய்தவர்களும் உண்டு. 1993-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த வேர்ல்டு ஓப்பனுக்கு, ரேட்டிங்கே இல்லாத ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வந்தார். பதிவு செய்த பெயர், ஜான் வான் நியூமன். கம்ப்யூட்டர் துறையின் முன்னோடிகளில் ஒருவரான கணித மேதையின் பெயர் அது! ஒரு கிராண்ட் மாஸ்டருடன் டிரா செய்தார். அவர் பாக்கெட்டில் ஏதோ ஒன்று அவ்வப்போது ஒலி எழுப்பியது. பரிசு கொடுக்கும்போது சந்தேகப்பட்டு செஸ்ஸின் அரிச்சுவடியைக் கேட்டிருக்கிறார்கள், பதில் வரவில்லை. பரிசு கிடையாது என்றதும் ஆள் கிளம்பிவிட்டார்.

நம் ஊர்க் கதையும் இருக்கு. 2006-ல் டெல்லியில் நடந்த ஒரு போட்டியில், தொப்பிக்குள் புளூடூத் கருவியைத் தைத்து வைத்திருந்த இந்திய வீரர் மாட்டினார். வெளியில் இருப்பவர் கம்ப்யூட்டரைப் பார்த்து மூவ் சொல்ல, இவர் காதில் வாங்கி ஆடுவது திட்டம். அகில இந்திய செஸ் கூட்டமைப்பு அவருக்கு 10 ஆண்டு தடை விதித்தது.

எல்லாவற்றிலும் சினிமாத்தனமான கதை பிரான்ஸ் அணியுடையது. 2010-ல் ரஷ்யாவின் கான்டி மன்சிஸ்க் நகரில் ஒலிம்பியாட். பிரான்ஸில் வீட்டில் உட்கார்ந்திருந்த சிரில் மார்ஸோலோ, இன்டர்நெட்டில் நேரலையாக வரும் ஆட்டத்தைப் பார்த்து, இன்ஜின் சொல்லும் மூவைக் கண்டுபிடிப்பார். அதை எஸ்.எம்.எஸ் ஆக்கி, பார்ப்பவர்களுக்கு ஒரு போன் நம்பர் போலத் தெரியும்படி அனுப்புவார். அரங்கில் இருந்த பயிற்சியாளர் அர்னோ ஹோஷார் அதைப் படித்துவிட்டு, குறிப்பிட்ட ஒரு மேஜைக்குப் பின்னால் போய் நிற்பார். எந்த மேஜைக்குப் பின்னால் நிற்கிறார் என்பதுதான் கோட். அதைப் பார்த்து செபாஸ்டியன் ஃபெல்லர் காயை நகர்த்துவார். ஒரு வார்த்தை பேசவில்லை, ஆடுபவரிடம் எந்தக் கருவியும் இல்லை. அவரைத் தலை முதல் கால் வரை சோதித்தாலும் எதுவும் கிடைத்திருக்காது.

மாட்டியது எப்படி? மூவை அனுப்பச் சொல்லும் ஒரு மெசேஜ், பிரான்ஸ் செஸ் கூட்டமைப்பின் துணைத் தலைவர் கண்ணில் தற்செயலாகப் பட்டுவிட்டது. அவ்வளவுதான். சொந்தக் கூட்டமைப்பே தன் வீரர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. 2012-ல் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே மூவருக்கும் தடை விதித்தது. ஃபெல்லருக்கு 2 ஆண்டு 9 மாதம், ஹோஷாருக்கு 3 ஆண்டு, மார்ஸோலோவுக்கு ஒன்றரை ஆண்டு. என்னைக் கேட்டால், தண்டனையைவிட அந்தக் கூட்டமைப்பு மூடி மறைக்காமல் நடந்துகொண்டதுதான் பெரிய விஷயம்.

பொருள் கிடைக்காவிட்டால்?

இதுவரை சொன்ன பெரும்பாலான கேஸ்களில் கையில் ஓர் ஆதாரம் இருந்தது. போன், தொப்பி, மெசேஜ். அது இல்லாதபோதுதான் சிக்கல்.

பல்கேரியாவின் போரிஸ்லாவ் இவனோவ், 2012 டிசம்பரில் குரோஷியாவின் ஸாடர் நகரில் கிராண்ட் மாஸ்டர்களை வரிசையாக வீழ்த்தினார். அவருடைய ரேட்டிங்கோ 2200-களில். சோதித்தார்கள், ஒன்றும் சிக்கவில்லை. ஆட்டத்தின் நேரலையை நிறுத்தினார்கள், அந்த ரவுண்டில் தோற்றார். அடுத்த ஆண்டு இன்னொரு போட்டியில், 'ஷூவைக் கழற்று' என்று எதிராளி மேக்ஸ் டுலுகி பிடிவாதம் பிடிக்க, இவனோவ் மறுத்தார். ஆட்டம் கைவிட்டுப் போனது. கடைசிவரை எந்தக் கருவியும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனாலும் அவர் செஸ் வாழ்க்கை அதோடு சரி.

இந்த மாதிரி நேரத்தில் உதவிக்கு வருவது புள்ளியியல். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் ரீகன் இதில் முக்கியமானவர். அவரே ஓர் இன்டர்நேஷனல் மாஸ்டர். அவருடைய முறையை எளிமையாகச் சொன்னால் இப்படி: 2000 ரேட்டிங் உள்ள ஒருவர் ஆடும் மூவ்களில் எத்தனை, இன்ஜினின் முதல் தேர்வோடு ஒத்துப்போகும் என்பதற்கு ஒரு கணிப்பு உண்டு. நீங்கள் ஆடியது அந்தக் கணிப்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, அது அதிர்ஷ்டத்தால் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்கிறார்கள்.

ஒவ்வொரு மூவையும் இன்ஜினைக் கேட்டு ஆடும் பேராசைக்காரர் இதில் சுலபமாகச் சிக்குவார். ஆட்டத்துக்கு ஒரே ஒரு முறை எட்டிப்பார்ப்பவர் சிக்குவது கஷ்டம். டாப் வீரர்களுக்கு மூவைக்கூடச் சொல்லத் தேவையில்லை. 'இந்த இடத்தில் ஏதோ இருக்கு, நின்று யோசி' என்ற ஒரு சிக்னல் போதும், மீதியை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இகோர்ஸ் ரவுசிஸ் கதையையும் பாருங்கள். செக் குடியரசுக்காக ஆடிய கிராண்ட் மாஸ்டர். 50 வயதைத் தாண்டிய பிறகு அவர் ரேட்டிங் 2500-களில் இருந்து 2700-ஐ நெருங்கியது. உலகின் முதல் 100 பேரில் அவர்தான் வயதில் மூத்தவர். சின்னச் சின்னப் போட்டிகளில் தன்னைவிட மிகவும் பலவீனமானவர்களோடு ஆடி, கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளி சேர்த்தார். வித்தியாசம் 400 புள்ளிக்கு மேல் இருந்தாலும் 400 என்றே கணக்கிடும் விதி அப்போது இருந்ததால், ஒவ்வொரு வெற்றிக்கும் 0.8 புள்ளி உறுதி. இது ஏமாற்று வேலை இல்லை, விதிக்கு உட்பட்டது. அதனால்தான் சந்தேகப்பட்டவர்களாலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. 2019 ஜூலையில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில், டாய்லெட்டுக்குள் போனோடு அவர் உட்கார்ந்திருக்கும் போட்டோ வெளியானது. ஒப்புக்கொண்டார். பட்டம் பறிப்பு, 6 ஆண்டு தடை.

58 வயதில் ஒருவர் இப்படி ஏறினால் புருவம் உயரும், நியாயம்தான். ஆனால், 13 வயதுப் பையன் ஏறினால்? 2020 லாக்டவுனில் போர்டில் நேருக்கு நேர் ஆடும் போட்டிகள் நின்றன. ரேட்டிங் அப்படியே உறைந்து நின்றது, பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்துகொண்டே இருந்தார்கள். போட்டிகள் மறுபடி தொடங்கியபோது 1400 ரேட்டிங்கோடு வந்த ஒரு சென்னைப் பையன், மதுரைப் பெண் உண்மையில் 1800 பலத்தோடு ஆடியிருக்கலாம். எதிரில் உட்கார்ந்து தோற்ற பெரியவருக்கு அது தெரியாது. அவருக்குத் தோன்றுவதெல்லாம், 'இந்தப் பொடிசு எப்படி இதைக் கண்டுபிடிச்சான்?' என்பதுதான். ஏமாற்றியவரைத் தப்பவிடுவது ஒரு தவறு. ஏமாற்றாத பிள்ளைமேல் அந்த முத்திரையைக் குத்துவது அதைவிடப் பெரிய தவறு என்றுதான் தோன்றுகிறது.

உலக சாம்பியனே சந்தேகப்பட்டால்

2022 செப்டம்பர் 4, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ். சின்க்ஃபீல்டு கோப்பையில் 19 வயது ஹான்ஸ் நீமனிடம் கார்ல்சன் தோற்றார். கிளாசிக்கல் செஸ்ஸில் 53 ஆட்டங்களாகத் தோற்காமல் இருந்தவர். மறுநாள் போட்டியிலிருந்தே விலகி, 'நான் வாயைத் திறந்தால் பெரிய சிக்கல்' என்கிற ரீதியில் ஃபுட்பால் பயிற்சியாளர் மொரினியோ பேசும் பழைய வீடியோவை ட்வீட் செய்தார். உலகம் முழுக்கப் பற்றிக்கொண்டது. உடலுக்குள் வைப்ரேட்டர் என்ற அளவுக்கு மீம்ஸ் போனது. 'நிர்வாணமாக ஆடச் சொன்னாலும் ஆடுகிறேன்' என்றார் நீமன்.

12 வயதிலும் 16 வயதிலும் ஆன்லைனில் ஏமாற்றியதை நீமன் ஒப்புக்கொண்டார். 100-க்கும் மேற்பட்ட ஆன்லைன் ஆட்டங்களில் அவர் ஏமாற்றியிருக்கலாம் என்று செஸ்.காம் 72 பக்க அறிக்கை வெளியிட்டது. ஆனால், நேருக்கு நேர் ஆடும் போர்டில் ஏமாற்றியதற்கு ஆதாரம்? அந்த அறிக்கையிலும் இல்லை, பிறகும் வரவில்லை. 10 கோடி டாலர் கேட்டு நீமன் வழக்கு போட்டார், 2023-ல் சமரசத்தில் முடிந்தது. சரியான காரணம் இல்லாமல் போட்டியிலிருந்து விலகியதற்காக கார்ல்சனுக்கு ஃபிடே 10,000 யூரோ அபராதம் விதித்தது. மற்ற குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தது.

கார்ல்சனுக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை. ஆன்லைனில் அப்படியொரு பழைய கணக்கு உள்ளவர்மேல் யாருக்கும் வரும். ஆனால், நடுவரிடம் எழுத்தில் சொல்லவேண்டியதை ட்வீட்டாகப் போட்டால், தீர்ப்பை ஊர் எழுதிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குப் போறீங்களா?

நீங்களோ, உங்கள் தம்பி தங்கையோ ரேட்டிங் போட்டிக்குப் போவதாக இருந்தால், கொஞ்சம் உஷாராக இருங்கள். நல்ல பிள்ளைகளும் மாட்டும் விதிகள் இவை.

நடுவர் அனுமதிக்காத எந்த எலெக்ட்ரானிக் கருவியும் ஆட்டத்தின்போது உங்களிடம் இருக்கக் கூடாது. இருப்பது தெரிந்தால் ஆட்டம் காலி. 'சும்மா பாக்கெட்ல இருந்துச்சு சார்' எடுபடாது. சில போட்டிகளில், முழுக்க ஸ்விட்ச் ஆஃப் செய்து பையில் வைக்க அனுமதிப்பார்கள். ஆனால், நடுவரைக் கேட்காமல் அந்தப் பையைத் தொடக் கூடாது. சைலன்ட் மோடு வேறு, ஸ்விட்ச் ஆஃப் வேறு. 2003 ஐரோப்பிய அணிகள் போட்டியில், அதற்கு முந்தைய ஆண்டு ஃபிடே உலக சாம்பியன் ஆகியிருந்த ருஸ்லான் போனோமரியோவின் போன் ஆட்டத்தின் நடுவே அடித்தது. அத்தோடு தோல்வி!

ஸ்மார்ட் வாட்ச்சும் கருவிதான், கழற்றிவிடுங்கள். நடுவர் பையையோ உடையையோ சோதிக்கக் கேட்டால் மறுக்காதீர்கள், மறுத்தாலும் தண்டனை உண்டு. அதே நேரம், தனி இடத்தில், உங்கள் பாலினத்தைச் சேர்ந்த ஒருவர்தான் சோதிக்க வேண்டும். அது உங்கள் உரிமை. பிள்ளைகளின் விஷயத்தில் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

பெற்றோர் என்றதும் இன்னொன்று. உங்கள் பிள்ளையின் மேஜைக்கு அருகில் நின்று, கண்ணைக் காட்டுவது, தலையை ஆட்டுவது வேண்டாம். பாசத்தில் செய்தாலும் அது சிக்னலாகத்தான் பார்க்கப்படும். பிரான்ஸ் பயிற்சியாளரும் சும்மாதானே நின்றார்?

எதிரில் இருப்பவர்மேல் சந்தேகம் வந்தால், கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிடுங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள், எழுதிக்கொடுங்கள். எத்தனை முறை எழுந்து போனார், எந்த மூவுக்குப் பிறகு போனார் என்பது மாதிரி விவரங்கள் போதும். வாட்ஸ்அப் குரூப்பில் பெயரைப் போடாதீர்கள். அடிப்படையே இல்லாமல் குற்றம்சாட்டினால் ஃபிடே விதிப்படி உங்கள்மேலேயே நடவடிக்கை வரலாம்.

காகிதமும் ஆபத்துதான். 2015 அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் வெஸ்லி ஸோ, தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்ளும் வரிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். மூவ் எதுவும் இல்லை, வெறும் ஊக்க வார்த்தைகள். ஆனால், ஆட்டத்தின்போது குறிப்பு எழுதக் கூடாது என்பது விதி. முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆறே மூவில் அவர் தோற்றதாக நடுவர் அறிவித்தார்.