பைசாவும் பெசாவும்

போன வாரம் சந்தையில கீரை வாங்கினேன். சில்லறை இல்லேன்னதும் கீரைக்கார அக்கா, "ஜிபே போட்டுடு தம்பி"ன்னு அட்டையை நீட்டினாங்க. நமக்கு இது வந்து சில வருஷந்தான். ஆப்பிரிக்காவுல, கென்யா நாட்டுல, இந்தக் கதை முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு.

அங்க நைரோபியில வேலை பார்க்கிறவங்க, ஊருக்குப் பணம் அனுப்பணும்னா பஸ் டிரைவர் கையிலயோ தெரிஞ்ச ஆள் கையிலயோ கொடுத்து விடுவாங்க. 2005-ல சிறுகடன் தவணையை போன்ல கட்ட ஒரு சோதனை நடந்துச்சு. ஜனங்களோ அதை வச்சு ஒருத்தருக்கொருத்தர் பணம் அனுப்பிக்கிட்டாங்க. அதைப் பார்த்துத்தான் 2007 மார்ச்சுல சஃபாரிகாம் கம்பெனி 'எம்-பெசா'வைக் கொண்டு வந்துச்சு. சுவாஹிலி மொழியில பெசான்னா பணம்; நம்ம பைசாவுக்குச் சொந்தக்கார வார்த்தை.

பட்டன் போன் போதும், பேங்க் கணக்கு வேண்டாம். பெட்டிக்கடைக்காரரே ஏஜெண்ட். அவர்கிட்ட ரொக்கம் கொடுத்தா போன்ல ஏறும். ஊர்ல இருக்கிறவங்க அங்க உள்ள கடையில ரொக்கமா வாங்கிக்கலாம். கடைக்காரருக்குக் கமிஷன்.

டவ்னீத் சூரி, வில்லியம் ஜாக்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 2016-ல ஒரு கணக்கு சொன்னாங்க: எம்-பெசாவால சுமார் 1,85,000 பெண்கள் விவசாயத்தை விட்டு வியாபாரத்துக்கு மாறியிருக்காங்க. படிச்சதும் விவசாயியா எனக்குச் சுருக்குன்னுச்சு. அப்புறம் எங்கம்மா ஞாபகம் வந்துச்சு. கோழி வித்து அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்ச காசை அப்பா எடுத்துடுவார். இட்லிக் கடை போடணும்ங்கிற ஆசை அந்தப் பானையோடயே போச்சு. ரகசிய எண் போட்ட போன்ல இருந்திருந்தா அம்மா கடை போட்டிருப்பாங்க. அந்தப் பெண்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

ஆனா கதை அங்கயே நிக்கலை. 2012-ல 'எம்-ஷ்வாரி'ன்னு அதே போன்லயே கடனும் வந்துச்சு. 30 நாள் கடனுக்குக் கட்டணம் 7.5 சதவீதம். நம்ம பாஷையில நூத்துக்கு ஏழரை வட்டி! ஏழரைன்னாலே நமக்குச் சனிதான். அதுக்கப்புறம் கடன் செயலிகள் வரிசையா வந்துச்சு. சரக்குப் போடக் கடன் வாங்கிக் கட்ட முடியாதவங்க பேரு கடன் பதிவேட்டுல ஏறிடுச்சு. கந்துவட்டிக்காரன் வாசல்ல வந்து நிப்பான். இவன் மடியிலயே இருக்கான்.

காசைப் பத்திரமா வைக்க போன் நல்ல பானை. கடன் கொடுக்க வரும்போதுதான் யோசிக்கணும். கீரைக்கார அக்கா போனுக்கும் 'உடனடிக் கடன்'னு தினமும் மெசேஜ் வருதாம். "நூத்துக்கு எவ்வளவுன்னு கேட்டுட்டுத் தொடுங்கக்கா"ன்னு சொல்லிட்டு வந்தேன்.