நஞ்சும் நஞ்சுக்கொடியும்: ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

தமிழில் 'நஞ்சு' என்னும் சொல்லுக்கு விடம் என்று ஒரு பொருள். மகப்பேற்றின்பின் வெளியேறும் கொடித்திசு என்று மற்றொரு பொருள். கன்னடத்தில் அதே திசுவுக்கு 'மாசு' என்று பெயர். தமிழும் கன்னடமும் கலந்து வழங்கும் ஹனூர் வட்டாரத்தில் ஒரே பிரசவ அறையில் இரு சொற்களும் ஒலிக்கக்கூடும். ஒன்று விடத்தை நினைவூட்டுகிறது. மற்றொன்று தமிழ்க் காதுக்கு அழுக்காகவே கேட்கிறது. இதை வைத்து முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று முடிவு கட்டுவது மொழியியல் ஆகாது; பேறு சார்ந்த தீட்டுக் கருத்தே இப்பெயர்களுக்குப் போதுமான விளக்கம். ஆயினும் சொல் அளவில் அருகிருந்த இவ்விரு பொருள்களும் முன்சூல்வலிப்பு என்ற நோயின் வரலாற்றில் உண்மையாகவே ஒன்றையொன்று சந்தித்தன. அச்சந்திப்பு நிகழ 160 ஆண்டுகள் ஆயின.

கருவுற்ற பெண்ணுக்கு இருபதாம் வாரத்துக்குப் பின் இரத்த அழுத்தம் உயர்கிறது. சிறுநீரில் புரதம் இறங்குகிறது. கைகால் முகம் வீங்குகின்றன. முற்றினால் வலிப்பு வருகிறது. மருத்துவம் இந்நோய்க்குப் பெயரிட்டது அந்தக் கடைசி அடையாளத்தைக் கொண்டுதான். 'எக்லாம்ப்சியா' என்பது மின்னலின் தெறிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் பேச்சுவழக்கில் 'ஜன்னி' என்பதும் வலிப்பையே சுட்டும். பெயர் வலிப்பில் நின்றுவிட்டதால் கண்ணும் மூளையிலும் நரம்பிலும் நின்றது. 1843-இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜான் லீவர், வலிப்பு கண்ட பெண்களின் சிறுநீரைச் சூடேற்றிப் பார்த்துப் புரதம் இருப்பதைக் கண்டார். அதே மருத்துவமனையில்தான் ரிச்சர்டு பிரைட் சிறுநீரக நோயை வரையறுத்திருந்தார். அன்றே சிறுநீரகத்தின் பக்கம் ஒரு கதவு திறந்தது. ஆனால் அதன்வழியே நெடுந்தொலைவு சென்றவர் சிலரே.

சிகிச்சையோ காரணத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1844-இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் எழும்பூரில் நிலைகொண்ட சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையின் வரலாறு இங்கே விரிவாகச் சொல்லத்தக்கது. ஆ. இலட்சுமணசுவாமி முதலியாருடன் இணைந்து 'கிளினிக்கல் அப்ஸ்டெட்ரிக்ஸ்' என்ற பாடநூலால் மாணவர் பல தலைமுறையினர் அறிந்த எம்.கே. கிருஷ்ண மேனன், வலிப்பு வந்த பெண்களுக்குப் புதிய மருந்துமுறை ஒன்றைக் கையாண்டார். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஹென்றி லபோரி உடலைச் செயற்கை உறக்கத்தில் ஆழ்த்தப் பயன்படுத்திய குளோர்ப்ரோமசின், ப்ரோமெதசின், பெதிடின் ஆகிய மூன்றின் கலவை அது. 1961-இல் பிரித்தானிய மகப்பேறு இதழில் மேனன் 402 பேரின் விவரத்தை வெளியிட்டார், இறப்பு 2.2 விழுக்காடு. எக்லாம்ப்சியா என்றாலே தாயின் உயிருக்கு உறுதியில்லை என்றிருந்த காலத்தில் அது வியப்பூட்டும் எண். 'மேனன் முறை' என்ற பெயரில் இந்தியா முழுவதும் அது பரவியது.

பின்னாளில் அம்முறை கைவிடப்பட்டது. இந்தியா உள்ளிட்ட நாடுகளில் 1,687 பெண்களிடம் நடத்தப்பட்ட பன்னாட்டு ஆய்வு 1995-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. மக்னீசியம் சல்ஃபேட் மீண்டும் வலிப்பு வருவதை டயசிபத்தைவிட 52 விழுக்காடும், ஃபெனிட்டாயினைவிட 67 விழுக்காடும் குறைத்தது. மேனனின் கலவையும் அதனோடு ஒப்பிடுகையில் பின்தங்கியதே. இது மேனனின் தோல்வி அன்று. மின்னலை அடக்கும் வழி தெரிந்தது. மேகம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எவருக்கும் தெரியவில்லை.

அந்த மேகத்துக்கு ஒரு பெயர் மட்டும் முன்பே சூட்டப்பட்டிருந்தது: 'டாக்ஸீமியா', அதாவது இரத்தத்தில் விடம். கொடி வெளியேறிய பின்பே நோய் தணிகிறது என்பதால் கொடியிலிருந்து ஏதோ ஒரு நச்சு தாயின் இரத்தத்தில் கலக்கிறது என்பது கருதுகோள். பல பத்தாண்டுகள் தேடியும் நச்சு அகப்படவில்லை. சான்றற்ற பெயர் என்று சொல்லி அதைப் பாடநூல்களிலிருந்து மெல்ல நீக்கினர். நீக்கியது முறையே, ஆனால் நீக்கிய காலம்தான் சற்று வேடிக்கையானது. ஏறத்தாழ அதே காலத்தில் பாஸ்டன் நகரில், மகப்பேற்றோடு எத்தொடர்பும் இல்லாத இருவேறு தேடல்களில், விடை உருப்பெற்றுக்கொண்டிருந்தது.

முதல் தேடல் ஜூடா ஃபோக்மனுடையது. புற்றுக்கட்டி வளர வேண்டுமாயின் தனக்கென இரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொள்ள வேண்டும் என்று 1971-இல் அவர் வாதிட்டார். இரண்டாவது ஹரால்டு டுவோராக்குடையது. அவர் வளர்ச்சியைத் தேடவில்லை, கசிவைத் தேடினார். கட்டியுள்ள கினிப்பன்றியின் வயிற்றில் நீர் கோப்பது ஏன் என்ற வினாவிலிருந்து, குழாய்ச் சுவரைக் கசியச் செய்யும் ஒரு புரதத்தை அவரும் டொனால்டு செங்கரும் 1983-இல் அறிவித்தனர். ஹிஸ்டமினைவிட ஏறத்தாழ 50,000 மடங்கு ஆற்றல் கொண்டது அது. 1989-இல் ஜெனென்டெக் நிறுவனத்தின் நெப்போலியோன் ஃபெராரா, குழாயின் உட்சுவர்ச் செல்களைப் பெருகச் செய்யும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். மரபணு வரிசையைப் படித்தபோது இரண்டும் ஒன்றே எனத் தெரிந்தது. ஒரே மூலக்கூறு, கசிவை நோக்கியவர் அதைக் கசிவுக் காரணி என்றார், வளர்ச்சியை நோக்கியவர் வளர்ச்சிக் காரணி என்றார். வழக்கில் வென்றது இரண்டாம் பெயர்: இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக வி.ஈ.ஜி.எஃப். பெயர் வென்றதால் கசிவு மறக்கப்பட்டது என்று சொல்வது மிகை. ஆனால் முடக்குவாத மூட்டில் வீக்கமும் நீர்க்கோப்பும் ஏன் என்று கேட்பவருக்குத் தோற்ற பெயரே கூடுதல் பொருளுடையது.

சிறுநீரகத்தில் இம்மூலக்கூறு வேறு முகம் காட்டியது. இரத்தத்தை வடிக்கும் குளோமருலஸ் என்னும் நுண்குழாய் முடிச்சில், போடோசைட் செல்கள் இக்காரணியைச் சுரக்கின்றன. குழாயின் உட்சுவர்ச் செல்கள் அதைப் பெற்றே தம் நுண்துளைகளைப் பேணுகின்றன. டொராண்டோவில் சூசன் குவாகின் குழுவினர் 2003-இல் இதைச் சுண்டெலிகளில் காட்டினர். போடோசைட்டில் வி.ஈ.ஜி.எஃப். மரபணுவின் இரு படிகளில் ஒன்றை நீக்கினால் உட்சுவர்ச் செல்கள் வீங்கிக் குழாயை அடைத்தன. மாறாக, காரணி மிகுந்தாலும் குளோமருலஸ் சுருங்கிச் சிதைந்தது. குறைந்தாலும் நோய், மிகுந்தாலும் நோய். புற்றுநோய்க்கு இக்காரணியைத் தடுக்கும் பெவசிசுமாப் மருந்தைப் பெற்ற ஆறு பேரின் சிறுநீரகச் சிதைவை 2008-இல் அதே குழுவினர் விவரித்தபோது, எலியில் கண்டது மனிதரிலும் மெய்யாயிற்று.

உட்சுவர்ச் செல்களின் அந்த வீக்கம் மருத்துவருக்குப் புதிதன்று. முன்சூல்வலிப்பு கண்ட தாய்மாரின் சிறுநீரகத் திசுவில் 1950-களிலிருந்தே அது அறியப்பட்டது. இரண்டையும் இணைத்தவர்களில் முதன்மையானவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பாஸ்டனுக்குச் சென்ற சிறுநீரக மருத்துவர் எஸ். அனந்த் கருமஞ்சி. அவர் பணியாற்றிய இடம், டுவோராக் முன்பு கசிவுக் காரணியைக் கண்ட அதே பெத் இஸ்ரேல் மருத்துவமனை. நோயுற்ற தாய்மாரின் கொடித்திசுவில் எந்த மரபணு மிகையாக இயங்குகிறது என்று தேடியபோது, வி.ஈ.ஜி.எஃப். ஏற்பியின் கரையும் வடிவமான எஸ்.எஃப்.எல்.டி-1 அகப்பட்டது. செல்லின் மேல் நின்று காரணியை ஏற்க வேண்டிய ஏற்பி, இரத்தத்தில் தனியே மிதந்து காரணியைப் பற்றிக்கொண்டு அதைப் பயனிலதாக்குகிறது. ஷேரன் மேனார்டு முதலாசிரியராக 2003-இல் வெளிவந்த கட்டுரையில், இப்புரதத்தை எலிகளின் உடலில் மிகச் செய்தபோது இரத்த அழுத்தமும் புரதக் கசிவும் குளோமருலஸ் வீக்கமும் தோன்றின. கருவுறாத எலிகளிலும் தோன்றின என்பதே கட்டுரையின் முதுகெலும்பு. மறு ஆண்டு, சேமித்து வைத்த இரத்த மாதிரிகளைக் கொண்டு, நோய் வெளிப்படுமுன் ஐந்து வாரங்களுக்கு முன்பே இப்புரதம் உயர்வது காட்டப்பட்டது. டாக்ஸீமியா என்ற பெயரை நீக்கியவர்கள் தேடிய நச்சு, ஒரு வகையில், கிடைத்தேவிட்டது.

ஆனால் அதை நச்சு எனலாமா? கண்ணின் கருவிழிப்படலம் குழாயின்றித் தெளிவாய் இருப்பதற்கும் இதே எஸ்.எஃப்.எல்.டி-1 காரணம் என்று வேலூரில் பிறந்த பாலமுரளி அம்பாட்டியும் அவர் குழுவினரும் 2006-இல் காட்டினர். கடற்பசுவின் கருவிழிப்படலத்தில் அது இல்லை. அங்கே குழாய்கள் படர்ந்துள்ளன. இடமும் அளவும் பிறழ்ந்தபோதே அது நஞ்சாகிறது.

இனி மரபு வேறுபாடு. இந்த ஏற்பியின் மரபணு 13-ஆம் குரோமோசோமில் உள்ளது. கருவில் அக்குரோமோசோம் மூன்று படியாக இருந்தால் தாய்க்கு முன்சூல்வலிப்பு மிகுதி என்பது முன்பே அறியப்பட்டது. 2017-இல், நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்த 4,380 பேரின் மரபணுத்தொகுதியை 3,10,238 பேருடன் ஒப்பிட்ட ஆய்வு, இதே மரபணுவின் அருகில் ஒரு வேறுபாட்டைச் சுட்டியது. அவ்வேறுபாடு காணப்பட்டது தாயிடம் அன்று, குழந்தையிடம். தாயின் உணவு, தாயின் நடத்தை, தாயின் வினை என்று காலந்தோறும் பழி சுமத்திய பேச்சுகளுக்கு எதிரே வைக்கத்தக்க தரவு இது. குழந்தையின் மரபில் பாதி தந்தையுடையது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கருவுறுதல் சாராத சிறுநீரக நோயிலும் இத்தடம் தொடர்கிறது. வடிப்புத்திறனோடு தொடர்புடைய மரபிடங்களுள் ஒன்றாக 2010-இல் 6-ஆம் குரோமோசோமில் உள்ள வி.ஈ.ஜி.எஃப்.-ஏ இடம்பெற்றது. இரத்தத்தில் இக்காரணியின் அளவு ஆளுக்கு ஆள் மாறுவதில் ஏறத்தாழப் பாதியைச் சில மரபு வேறுபாடுகளே விளக்குகின்றன என்று 2011-இல் தெரியவந்தது. இவற்றுக்கு முன், சில நூறு பேரை மட்டும் கொண்டு ஒரே எழுத்து மாற்றத்தை அழற்சி நோயோடும் சிறுநீரக நோயோடும் இணைத்த சிறு ஆய்வுகள் ஏராளம். ஒன்று சொன்னதை மற்றொன்று மறுத்தது. பெருந்தொகை ஆய்வுகள் அக்குழப்பத்தைக் குறைத்தன. ஆனால் 2017-இன் கண்டுபிடிப்பு எழுந்தது ஐரோப்பிய மரபினரின் தரவிலிருந்து. சென்னையில் படித்தவர் திறந்த பாதையில் தென்னிந்தியக் குழந்தைகளின் மரபணுக்கள் அத்தொகுதியில் இல்லை.

நோயைக் கணிக்கும் இரத்தச் சோதனைக்கு அமெரிக்கா 2023-இல் ஒப்புதல் அளித்தது, எஸ்.எஃப்.எல்.டி-1-க்கும் கொடி வளர்ச்சிக் காரணிக்கும் உள்ள விகிதமே அதன் அளவை. மாதேசுவரன் மலையடிவார ஊர்களில் கருவுற்ற பெண்ணுக்கு முதலில் எட்டுவன இரத்த அழுத்தமானியும் சிறுநீர்ப் புரதப் பட்டையும், வலிப்பு வந்துவிட்டால் மக்னீசியம் சல்ஃபேட் ஊசியும். அந்தப் பட்டை தேடுவது லீவர் 1843-இல் சூடேற்றிக் கண்ட அதே புரதத்தை.