பூந்தமல்லிப் பெருவழியில் இரவுத் தங்கல்

சென்னைக் கோட்டையிலிருந்து காஞ்சிபுரத்துக்கும், அதற்கு அப்பால் வேலூர், பெங்களூருக்கும் சென்ற மேற்குப் பெருவழியில், காலையில் புறப்பட்ட மாட்டுவண்டி பொழுது சாய்வதற்குள் சென்று சேரத்தக்க தொலைவில் பூந்தமல்லி இருந்தமையால், அது முதல் இரவுத் தங்கலுக்கு ஏற்ற ஊராயிற்று. அதனை ஒட்டிய குமணன்சாவடி, கரையான்சாவடி என்னும் ஊர்ப்பெயர்கள் அந்தப் பழைய நடமாட்டத்தின் எச்சங்கள். சாவடி என்பது வரி தண்டவும், வழக்குப் பேசவும், வழிநடப்போர் இளைப்பாறவும் பயன்பட்ட பொதுக் கட்டடம். 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து மைசூர் நோக்கிப் புறப்பட்ட பிரான்சிஸ் புக்கானனும் மேற்குச் சாலையில் கண்ட சத்திரங்களைத் தம் பயண நூலில் குறித்திருக்கிறார்.

வணிகரும் அரசரும் எழுப்பி, செலவுக்கென மானிய நிலம், அதாவது வரி நீக்கிய நன்கொடை நிலம், எழுதிவைத்த இலவசத் தங்குமிடமே சத்திரம். தெருவை நோக்கிய திண்ணை, நடுவே முற்றம், பின்கட்டில் சமையலறை, அருகில் கிணறோ குளமோ, வாசலுக்குச் சற்றுத் தள்ளித் தலைச்சுமையை இறக்கிவைக்க ஆளுயரச் சுமைதாங்கிக் கல் என்பது அதன் பொதுவான அமைப்பு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதம், தம் நாட்டுச் சத்திரங்களில் நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டோ என்று கூவி அழைத்துச் சோறிட்டதைத் தெரிவிக்கிறது. தமிழகத்து அறச்செயல்களில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்கவை மிகச் சில.

ஆயினும் காசு கேட்காத சத்திரம் சாதி கேட்டது. யார் உள்கட்டில் உண்பது, யார் திண்ணையோடு நிற்பது, யார் கிணற்றை அணுகவே கூடாது என்பதைப் பயணியின் மடிச்சீலையைக் காட்டிலும் அவருடைய பிறப்பே முடிவு செய்தது. 1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியாகச் சத்திரங்களின் மேற்பார்வை வருவாய் வாரியத்திடம் வந்தபோதும் இந்தப் பாகுபாடு நீங்கவில்லை. தரும சத்திரங்களில் தீண்டாமை பாராட்டுவதைக் குற்றமாக்கிய நடுவண் சட்டம் 1955இல்தான் வந்தது.

அதற்குள் பெருவழியின் போக்கே மாறியிருந்தது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், பூந்தமல்லியை ஒதுக்கிவிட்டு அம்பத்தூர், ஆவடி வழியாகச் சென்றமையால், ஒரு பகல் வண்டிப்பயணம் சில மணி நேரத்தில் அடங்கி, இடைவழித் தங்கலின் தேவை குறைந்தது. தங்குமிடங்கள் ரயில் நிலையத்தை நாடின. சவளை இராமசாமி முதலியார் சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே கட்டிய சத்திரம் அந்த மாற்றத்தின் அடையாளமாகும்.

1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அமைந்த பின்னர், இவ்வட்டாரத்தில் தங்க இடம் தேடி வந்தவர் வழிப்போக்கர் அல்லர், வேலைக்கு வந்தவர். அவர்களுக்காக ஒற்றை அறைகளை வரிசையாகக் கொண்ட லைன் வீடுகளும், ஆண்கள் விடுதிகளும், மெஸ்களும் பெருகின. வாடகை அறைக்கன்றித் தலைக்கு வாங்கப்பட்டது. ஐரோப்பிய நகரங்களில் முதுகுப்பையோடு சுற்றும் இளைஞர்கள் கட்டில் கணக்கில் தங்கும் விடுதிகளும் இத்தகையவையே. அவற்றின் முன்னோடி, ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மன் 1912இல் ஜெர்மனியின் ஆல்டெனா கோட்டையில் நிறுவிய இளைஞர் விடுதி. அத்தகைய விடுதிகளில் பயணி ஓரிரு இரவில் கிளம்பிவிடுவார். அம்பத்தூரில் ‘மூன்று பேர் ஷேரிங்’ அறைக்கு அட்வான்ஸ் கொடுத்தவர் ஆண்டுக்கணக்கில் இருப்பதால், தண்ணீர் வரும் நேரமும் ஷிப்ட் முடிந்து நடக்க வேண்டிய தூரமும் அவருக்கு வாடகைக்கு இணையான கவலைகளாகின்றன. ஆடை ஏற்றுமதி நிறுவனங்களுக்கு வந்த வெளியூர்ப் பெண்களுக்கோ இரவில் திரும்பும் தெருவின் பாதுகாப்பே முதற்கவலை. இத்தகைய பெண்கள் தங்கும் விடுதிகளை நடத்துவோர் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும் என்று தமிழக அரசு சட்டம் இயற்றியது 2014இல்; தொழிற்பேட்டை தொடங்கி அப்போது அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.