பள்ளிக்கூடத்தின் சாவி யார் கையில்? – 7: ஓர் அணா

சென்ற வாரம் 1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டத்தில் வந்து நின்றோம். நகராட்சிகளும் ஜில்லா, தாலுகா போர்டுகளும் கல்வி வரி போடலாம். அரசாங்கமும் தன் பங்குக்குப் பணம் தரும். எல்லாம் சேர்ந்து தொடக்கக் கல்வி நிதி. சரி, அந்த நிதியை எதற்குச் செலவிடலாம் என்று சொல்வது யார்? வரி வசூலித்த ஊரா, பங்கு கொடுத்த அரசா? சட்டம் வந்த அதே ஆண்டில், சென்னை ஆயிரம் விளக்கில் இந்தக் கேள்விக்கு விதை விழுந்தது.

அங்கே போகுமுன் நம் ஊரை ஒருமுறை பார்த்துவிடுவோம். திண்டுக்கல் 1866லேயே நகராட்சியான ஊர். நாகல் நகரோ சௌராஷ்டிர நெசவாளர்களால் பெயர் பெற்ற பகுதி. தறி ஓடும் வீட்டில் பிள்ளைக்கும் வேலை உண்டு; நூல் சுற்ற வேண்டும், தார் போட வேண்டும். அவனைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டில் ஒரு கை குறையும். அப்படி அனுப்பினாலும் மத்தியானம் அவன் வயிற்றுக்கு என்ன வழி? கோட்டையில் கோப்பு பார்க்கிறவருக்கு இது தெரியாது. அதே தெருவில் ஓட்டு வாங்கிய நகராட்சி உறுப்பினருக்குத் தெரியும். பள்ளி நிர்வாகத்தில் உள்ளூருக்கு உரிமை வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்போது சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவரும் தறியை அறிந்தவர்தான். பிட்டி தியாகராயர். தேவாங்க நெசவாளர் குலத்தில் பிறந்து, வண்ணாரப்பேட்டையில் நெசவுத் தொழில் நடத்தியவர். நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1920 செப்டம்பரில் மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிக்கு வருகிறவர்கள் மிகவும் ஏழைப் பிள்ளைகள். பள்ளியில் கூட்டமும் குறைந்துகொண்டு வந்தது. அவர்களுக்குச் சிற்றுண்டி தரலாம்; பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு போகக் கூடாது. அணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு.

கோட்டை உத்தரவு போட்டு வந்ததல்ல இந்தத் திட்டம். ஊர்மன்றம் தன் பள்ளியைப் பார்த்துத் தானே எடுத்த முடிவு.

பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது பரவியது. 1922-23இல் இந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் 811 பேர். 1924-25இல் 1,671 பேர். இரண்டே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல்!

அந்த நாளில் சென்னை மாகாணத்தில் இரட்டை ஆட்சி. கல்வித் துறை இந்திய அமைச்சரிடம். நிதித் துறை கவர்னரின் நிர்வாகக் குழுவிடம். கல்வி அமைச்சர் ஏ. பி. பாத்ரோவும் நீதிக்கட்சிக்காரரே. முதல் மந்திரி பதவியே தேடி வந்தும் வேண்டாமென்ற தியாகராயர் தொடங்கிய திட்டத்துக்கு, அவர் கட்சி ஆளும்போது தடை வரும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

வந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவு செய்ய அரசாங்கம் அனுமதிக்கவில்லை. 1925 ஏப்ரல் 1ஆம் தேதியோடு திட்டம் நின்றது.

அரசாங்கத்தின் பக்கம் பேசவும் இடமுண்டு. நிதியில் அதன் பணமும் இருக்கிறது. ஓர் ஊருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லா ஊரும் கேட்கும். ஆசிரியர் சம்பளத்துக்கே பணம் போதாத காலம். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் அந்த முடிவு தவறு என்றே சொல்வேன். பிள்ளை பள்ளிக்கு வருவதற்குக் காரணமாக இருந்த செலவைக் கல்விச் செலவு அல்ல என்று தள்ளியது கணக்கு ஒழுங்காக இருக்கலாம், கல்வி நிர்வாகம் ஆகாது. காசுக்குக் கணக்குக் கேட்பது அரசின் உரிமை. ஊர் கண்டுபிடித்த நல்ல வழியை அடைப்பது அந்த உரிமையில் சேராது.

அதே ஏப்ரல் மாதம் 28ஆம் தேதி தியாகராயர் காலமானார்.

மதிய உணவின் கதை அத்தோடு முடியவில்லை. 31 ஆண்டுகள் கழித்து, 1956இல், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, மாநில அரசே பள்ளியில் சோறு போட முன்வந்தது. ஆனால் அடுத்த இரண்டே ஆண்டில் அதே ஆட்சி கொண்டுவந்த ஒரு சட்டம் ஜில்லா போர்டுகளுக்கே முடிவு கட்டியது. போர்டு போனால் அதன் பள்ளிகள் யாருக்கு?

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கிராமங்களில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்ற பெயர்ப் பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பலகையில் இருப்பது ஒன்றியத்தின் பெயர். உள்ளே பாடம் நடத்தும் ஆசிரியரோ 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர். பெயர் ஓரிடத்திலும் அதிகாரம் ஓரிடத்திலும் போய்ச் சேர்ந்த அந்தக் கதையின் முதல் கட்டம் 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டம். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.